திருகோணமலையிலிருந்து நெட்வேர்க் கண்காணிப்பு வேலைக்கு: கடதாசி வேலையிலிருந்து முதல் இரவு ஷிப்ட் வரை

உயர்தரம் முடித்துவிட்டோ ஒரு டிப்ளோமாவைக் கையில் வைத்துக்கொண்டோ, "கணினித் துறையில் வேலை வேண்டும், ஆனால் கோடிங் எனக்கு ஒத்துவராது" என்று யோசித்துக்கொண்டிருக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய்க்காரர்களும் இதில் அடக்கம். நான் இந்த வேலைக்குள் நுழைந்த காலத்தில் பாடம் சொல்லித்தர வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. எந்தக் கடதாசியை எங்கே, எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை. அதனால் இங்கே பாடத்தைவிடக் கடதாசியும் காசும் காலமும்தான் அதிகம் வரும்.

1. வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரங்களில் இந்த வேலைக்கு ஒரே பெயர் இருக்காது. நெட்வேர்க் ஒபரேஷன்ஸ் சென்டர் என்று ஒன்றில் இருக்கும். செக்யூரிட்டி ஒபரேஷன்ஸ், ஐ.ஏ.எம். (அடையாள, அணுகல் முகாமைத்துவம்) அனலிஸ்ட், அக்சஸ் கண்ட்ரோல் என்றெல்லாம் மற்றவற்றில் இருக்கும். பெரிய இடங்களில் இவை தனித்தனிக் குழுக்கள். நடுத்தரக் கம்பனிகளில் கண்காணிப்பு, அணுகல் கட்டுப்பாடு இரண்டையும் ஒரே ஆள் செய்வார்.

கண்காணிப்புப் பக்கம் என்றால், ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வோல், சேர்வர் எல்லாம் உயிரோடு இருக்கிறதா, யார் எங்கிருந்து உள்ளே வருகிறார் என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. ஏதாவது சிவப்பாக மாறினால் காரணத்தைத் தேடி, டிக்கெட் (பிரச்சினையைக் குறித்துவைக்கும் பதிவு) திறந்து, உங்களால் முடியாவிட்டால் மேலுள்ளவரை எழுப்புவது. அணுகல் கட்டுப்பாட்டுப் பக்கம் என்றால், புதிதாக வந்தவருக்குக் கணக்குத் திறப்பது, பிரிவு மாறியவரின் பழைய உரிமையைப் பிடுங்குவது, விலகியவரின் கணக்கை அன்றைக்கே மூடுவது, யாரிடம் தேவைக்கு மேல் உரிமை இருக்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்ப்பது.

சினிமாவில் வரும் ஹேக்கர் வேலை இது இல்லை. பாதி நேரம் எழுத்து வேலைதான். எழுதப் பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் பெயர் எல்லாக் கடதாசியிலும் ஒன்றாக இருக்கிறதா?

படிப்பைத் தொடங்கும் முன்னரே இதைச் செய்யுங்கள். ஏனென்றால் மாதக்கணக்கில் இழுக்கும் ஒரே விஷயம் இதுதான்.

நம்முடைய பிறப்புச் சான்றிதழில் நம் பெயர் ஒரு கூட்டிலும் அப்பாவின் பெயர் இன்னொரு கூட்டிலும் இருக்கும். பள்ளிக்கூடம் அப்பாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிவிடும். கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர் வந்து சேரும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ அந்தந்த எழுதுவினைஞரின் விருப்பம். ஒரு கடதாசியில் எச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஊரில் இது யாருக்கும் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் சர்வதேசப் பரீட்சை நிலையத்தில் பதிவுப் பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய காசும் திரும்பாது. வேலைக்கு எடுக்கும் கம்பனியின் பின்னணிச் சோதனையிலும் இதே கேள்வி வரும். ஆட்களின் அடையாளத்தைச் சரிபார்க்கிற வேலைக்குத்தான் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தோண்டுவார்கள்.

செய்ய வேண்டியவை:

பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். அதில் எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே மேலதிக மாவட்டப் பதிவாளரின் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். திருத்தத்துக்குப் பள்ளி அனுமதிப் பதிவு, பெற்றோரின் விவாகச் சான்றிதழ் போன்றவற்றையும் கேட்பார்கள். அவற்றையும் கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

தமிழில் உள்ள சான்றிதழ்களை ஆங்கிலத்துக்கு மாற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே, உங்கள் பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டலில்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, அதன் போட்டோகொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் பழக்கப்படி எழுதுவார். உங்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் உருவாகிவிடும். பக்கத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரே தடவையில் இரண்டு மூலப்பிரதிகள் வாங்கி வைத்தால் பிறகு மறுபடி காசு கொடுக்கத் தேவையில்லை.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் இப்போதே எடுங்கள். வெளிநாடு போகிற எண்ணம் இல்லாவிட்டாலும் எடுங்கள். பழைய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்காது. பரீட்சை நிலையம் ஆங்கில எழுத்தில் பெயரும் படமும் கையொப்பமும் உள்ள, காலாவதியாகாத அரச ஆவணத்தைத்தான் கேட்கும். நமக்குக் கிட்டிய கடவுச்சீட்டு அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும் பஸ்ஸில் காலையில் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். ஒன்லைனில் விண்ணப்பித்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் கைரேகை கொடுக்கும் முறையும் இருக்கிறது. உங்கள் செயலகத்தில் எந்த நாளில் கைரேகை எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாம் செய்தும் பெயர் இரண்டு விதமாக இருந்தால், "இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதை ஏற்பார்கள். பரீட்சை நிலையம் ஏற்காது.

ஜீ.எஸ்.ஸின் (கிராம உத்தியோகத்தரின்) வதிவிட நற்சான்றிதழை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லுபடியாகும், பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். விண்ணப்பம் போடத் தொடங்கும்போது எடுத்தால் போதும்.

3. எதைப் படிப்பது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது

பட்டம் இருந்தால் நல்லது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு எச்.என்.டி.ஐ.டி. (தகவல் தொழினுட்ப உயர் தேசிய டிப்ளோமா), அல்லது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டமான பி.ஐ.டி. பி.ஐ.டி.யின் நல்ல விஷயம், முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் முடித்தால் உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் வழி இருப்பது. காசு நெருக்கடி உள்ளவர்களுக்கு என்.வீ.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் போதும், தொடங்கலாம். ஆனால் இவை எதுவும் தனியே நின்று இந்த வேலையை வாங்கித் தராது.

நெட்வேர்க் அடிப்படை தெரியாமல் செக்யூரிட்டி படிக்காதீர்கள். முதலில் சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியின் இலவசப் பாடங்களும், நெட்வேர்க்கைக் கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கும் பெக்கட் ட்ரேசர் மென்பொருளும். அதற்கே மாலை நேரத்தில் மட்டும் படித்தால் நான்கைந்து மாதம் பிடிக்கும். ஒரு நெட்வேர்க்கின் அளவைச் சொல்லும் /26 என்றால் 64 முகவரிகள், அதில் 62 மட்டுமே சாதனங்களுக்கு என்பது யோசிக்காமல் வாயில் வரும் வரைக்கும் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொரு சேவையும் பாவிக்கும் வாசல் எண்களான போர்ட் எண்களும் அப்படித்தான்: எஸ்.எஸ்.எச். 22, எஸ்.என்.எம்.பி. 161, சிஸ்லொக் 514, எல்டாப் 389, ரிமோட் டெஸ்க்டொப் 3389, ரேடியஸ் 1812.

சான்றிதழ்களில் எதை எடுப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம் இது. இலங்கையில் மனிதவளப் பிரிவுக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் சிஸ்கோவின் நெட்வேர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை எடுங்கள். பரீட்சை எண் 200-301, 120 நிமிடம், 300 அமெரிக்க டொலர், மூன்று வருடம் செல்லும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 90,000 ரூபா வந்துவிடும். பாதுகாப்புப் பக்கம் போக விரும்பினால் அடுத்தது கொம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ்: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 எடுத்தால் தேறலாம். அணுகல் கட்டுப்பாடுதான் என் வழி என்பவர்களுக்கு மைக்ரோசொஃப்டின் எஸ்.சி.-300 சான்றிதழ் பொருத்தமானது. அது ஒரு வருடம்தான் செல்லும், ஆனால் ஒன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

ஐ.எஸ்.சி.2 என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பின் ஆரம்பநிலைச் சான்றிதழை இலவசம் என்று சொல்லி எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள். ஆனால் தேறிய பிறகு வருடாவருடம் 50 டொலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

"மூன்று மாதத்தில் எத்திகல் ஹேக்கர், வேலை உத்தரவாதம்" என்று போஸ்டர் ஒட்டும் இடங்களுக்குக் காசு கட்டும் முன், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா, கொடுக்கும் சான்றிதழுக்கு என்.வீ.கியூ. தகைமை உண்டா என்று கேளுங்கள். கேட்டதும் கதையை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை உத்தரவாதம் என்பதை ரசீதில் எழுதித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

4. வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுகூடம்

சான்றிதழ் உங்களை நேர்முகத் தேர்வு வரைக்கும்தான் கூட்டிப்போகும். கதிரையில் இருந்த பிறகு, "நீங்களாகச் செய்து பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்பார்கள். அதற்குப் பதில் இங்கேதான் உருவாகும்.

16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. உள்ள ஒரு மடிக்கணினி வேண்டும். பாவித்ததே போதும். 8 ஜி.பி.யில் முயலலாம், ஆனால் இரண்டு மெய்நிகர்க் கணினிகளை (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) ஒன்றாகத் திறந்ததும் மூச்சுத் திணறும். அவற்றை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். விண்டோஸ் சேர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் ஓடும். அதில் பயனர் கணக்குகளையும் உரிமைகளையும் வைத்திருக்கும் எக்டிவ் டிரெக்டரி நிறுவி, ஒரு கற்பனைக் கம்பனியை உருவாக்குங்கள்: கணக்குப் பிரிவு, களஞ்சியம், மனிதவளம். பத்துப் பதினைந்து பயனர்கள் போதும். பக்கத்தில் ஒரு லினக்ஸ் கணினியில் சேபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டுச் சேர்வரைக் கண்காணியுங்கள். அது பிடிபட்ட பிறகு வாசூ என்ற பாதுகாப்பு மென்பொருளைப் போட்டு லொக் (கணினி எழுதும் நிகழ்வுப் பதிவு) சேகரியுங்கள். இந்தக் கோப்புகள் எல்லாம் பெரியவை. உங்கள் இணையப் பொதியில் இரவு நேர டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

பிறகு வேண்டுமென்றே குழப்பம் செய்து, லொக்கில் என்ன விழுகிறது என்று பாருங்கள். பிழையான பாஸ்வேர்ட் அடித்தால் 4625 என்ற நிகழ்வு எண் விழும். சரியாக உள்ளே போனால் 4624. புதுக் கணக்கு திறந்தால் 4720. ஒருவரை எட்மின் (நிர்வாகி) குழுவில் சேர்த்தால் 4728 அல்லது 4732. கணக்கு முடங்கினால் 4740. இந்த ஐந்தாறு எண்களையும் கண்ணால் பார்த்திருப்பவர் எப்படிப் பேசுவார், மனப்பாடம் செய்தவர் எப்படிப் பேசுவார் என்பது தேர்வாளர்களுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சோதனைக்கும் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள்: என்ன செய்தேன், என்ன தெரிந்தது, எந்த நேரத்தில், என்ன முடிவுக்கு வந்தேன். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் பரவாயில்லை, நேரம் பிசகக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெட்வேர்க்கைத் துருவிப் பார்க்கும் என்மேப், வயர்ஷார்க் எல்லாவற்றையும் உங்கள் வீட்டு நெட்வேர்க்கில் மட்டும் ஓட்டுங்கள். உப்புவெளி ஹோட்டல் வைஃபையிலோ, நண்பன் வேலை செய்யும் அலுவலகத்திலோ "சும்மா ஒரு ஸ்கேன்" போட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அதிகாரமில்லாமல் ஒரு கணினியை அணுகுவதற்கே ஐந்து வருடம் வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கு வராவிட்டாலும், அப்படிச் செய்ததைப் பெருமையாக நேர்முகத் தேர்வில் சொன்னால் அத்தோடு கதை முடிந்தது.

5. பரீட்சைக்குப் பதிவு செய்தல்

கட்டணம் டொலரில். உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். நாணய மாற்றுக்கு மேலதிகமாக வங்கி கொஞ்சம் வெட்டும், அதற்கும் சேர்த்துக் கணக்கில் காசு விடுங்கள். வட்ஸ்அப்பில் பாதி விலைக்குப் பரீட்சை வவுச்சர் (கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் குறியீடு) விற்பவர்களிடம் வாங்காதீர்கள். வவுச்சருக்கு நாடும் காலாவதித் திகதியும் உண்டு. களவெடுத்த கார்டில் வாங்கிய வவுச்சர் என்றால் உங்கள் பெறுபேறே இரத்தாகலாம்.

வீட்டிலிருந்து எழுதலாமா, கொழும்புக்குப் போவதா? என் தெரிவு கொழும்பு. வீட்டிலிருந்து எழுதும்போது கமராவில் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் யாரும் வரக் கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. நம் வீடுகளில் மாமி கதவைத் தட்டாமல் வருவார், கோயில் ஒலிபெருக்கி தொடங்கும், மார்கழி மழையில் கரண்ட் போகும். கட்டாயம் வீட்டிலிருந்துதான் என்றால் யூ.பி.எஸ்.ஸும் (கரண்ட் போனால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி) இரண்டாவது இணைப்பும் வைத்துக்கொண்டு, முதல் நாளே அவர்களுடைய சிஸ்டம் டெஸ்டைச் செய்து பாருங்கள்.

கொழும்புக்குப் போவதானால் இரவு ரயிலில் போய் அப்படியே காலைப் பரீட்சைக்கு இருக்காதீர்கள். முதல் நாள் பகலில் போய்த் தங்குங்கள், அல்லது பிற்பகல் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டோடு இரண்டாவதாக ஒரு அடையாள ஆவணத்தையும் கொண்டுபோங்கள்.

6. எங்கே விண்ணப்பிப்பது

திருகோணமலைக்குள்ளேயே இந்தப் பெயரில் வேலை அரிது. துறைமுகம், சீனன்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகள், வங்கிக் கிளைகள், வைத்தியசாலை, மாகாண சபை அலுவலகங்கள், நிலாவெளி ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் நெட்வேர்க் இருக்கிறது; அதைப் பார்க்கும் ஆட்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறார்கள். இங்கே கிடைப்பது ஐ.டி. உதவியாளர் வேலை. அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். கடல் உப்பில் துருப்பிடித்த வைஃபை பெட்டியை ஏணியில் ஏறிக் கழற்றி மாற்றியவருக்கு, திரையில் ஒரு இணைப்பு விட்டுவிட்டு வந்தால் காரணம் சட்டென்று பிடிபடும். ஒரு வருடம் இங்கே செய்துவிட்டுக் கொழும்புக்கு விண்ணப்பித்தால் சம்பளப் பேச்சிலும் கை ஓங்கும்.

கொழும்பில் பார்க்க வேண்டியவை தொலைத்தொடர்புக் கம்பனிகள், வங்கிகள், மற்றவர்களுக்காகக் கண்காணிப்புச் செய்துகொடுக்கும் சேவை நிறுவனங்கள். மூன்றாவது வகைதான் அனுபவமில்லாதவர்களை அதிகம் எடுக்கும், இரவு ஷிப்டும் அங்கேதான் அதிகம். அரச சேவை விரும்புபவர்கள் இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப சேவைக்கான போட்டிப் பரீட்சையை வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் கவனியுங்கள்.

சீவி (சுயவிபரக்கோவை) இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சாதாரண தரத்தின் ஒன்பது பாடப் பெறுபேற்றையும் போட்டு அரைப் பக்கத்தை நிரப்பாமல், அந்த இடத்தில் ஆய்வுகூடத்தில் செய்த மூன்று சோதனைகளை எழுதுங்கள்.

தாய்லாந்திலோ டுபாயிலோ கணினி வேலை, டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம் என்று வரும் அழைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் போகவே வேண்டாம்.

7. நேர்முகத் தேர்வு

ஆங்கிலத்தில் நடக்கும், இடையில் சிங்களத்துக்கும் தாவும். ஷிப்டில் கிளைகளிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பகுதி சிங்களத்தில்தான். எழுதத் தெரியாவிட்டாலும், "எந்த லைட் எரிகிறது, எந்த வயரைக் கழற்றினீர்கள்" என்று சிங்களத்தில் கேட்கவாவது பழகிக்கொண்டு போங்கள்.

தொழினுட்பக் கேள்விகள் பெரும்பாலும் தெரிந்தவையே. 99.9 சதவீத இயக்கம் என்றால் 30 நாள் மாதத்தில் எவ்வளவு நேரம் நின்றுபோகலாம்? 43 நிமிடம் சொச்சம். அடையாளத்தை உறுதிசெய்வதற்கும் அனுமதி கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? உள்ளே வருபவரைச் சரிபார்க்கும் முறைகளான ரேடியஸுக்கும் டகாக்ஸுக்கும்?

ஆளைத் தெரிவுசெய்வது வேறு வகைக் கேள்வி. "இரவு பதினொரு மணிக்கு ஒரு மனேஜர் அழைத்து அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?" நல்ல பிள்ளை என்று காட்டுவதற்காக உடனே மாற்றிக் கொடுப்பேன் என்று சொல்பவர்கள் அந்த இடத்திலேயே விழுகிறார்கள். இது நிஜத்திலும் நடக்கும். "தம்பி, நான் மனேஜர் கதைக்கிறன், மீட்டிங்கில நிக்கிறன், இப்பவே மாத்தித் தாங்க" என்று குரல் வரும். பதில் இதுதான்: "சரி சேர், வைக்கிறன். எங்கட லிஸ்ட்டில இருக்கிற உங்கட நம்பருக்கு நானே திருப்பி எடுக்கிறன்." உண்மையான மனேஜர் கொஞ்சம் சிணுங்குவார், அவ்வளவுதான். ஏமாற்ற வந்தவர் திரும்ப எடுக்கமாட்டார்.

8. கையொப்பம் வைக்கும் முன்

நியமனக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒரு நாள் கேளுங்கள்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஈ.பி.எஃப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 சதவீதம் வெட்டி, கம்பனி 12 சதவீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுக்கக் கம்பனியின் காசு. அடிப்படையைச் சின்னதாக வைத்து மிச்சத்தை "ஷிப்ட் ஊக்குவிப்பு" என்று காட்டினால் இந்த மூன்றுமே சுருங்கும்.

ஷிப்ட் எட்டு மணித்தியாலமா பன்னிரண்டா? கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஓவர்டைம் உண்டா, அல்லது பதில் லீவா என்று எழுத்தில் கேளுங்கள். இரவு ஷிப்டுக்கு வாகனம் உண்டா என்பதைப் பெண்பிள்ளைகள் கட்டாயம் கேளுங்கள். வீட்டு வாசல் வரைக்குமா, பிரதான வீதி வரைக்குமா என்பதையும் சேர்த்து. பயிற்சிக்குப் பதிலாக இரண்டு வருட பொண்ட் (அதுவரை விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று இருந்தால், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அது மாதாமாதம் குறையுமா என்று பாருங்கள். ஒரு இடத்தில் என்னிடம் நீட்டிய கடிதத்தில் தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறகு நிரப்புவோம் என்றார்கள். அப்படியானதில் கையொப்பம் வைக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தையில் போர்டிங் பார்ப்பவர்கள் வாடகையோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? இரவு பத்து மணிக்குப் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கும் வீட்டுக்கார அம்மா இருந்தால், இரண்டு மணிக்கு முடியும் ஷிப்ட் உங்களுக்குச் சரிவராது. பகலில் தூங்கக்கூடிய அறையா என்றும் பாருங்கள். முன்பணம், முதல் சம்பளம் வரும் வரைக்கும் சாப்பாடு, போக்குவரத்து என்று இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மாத நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் பாதிதான் வரும்.

9. முதல் மாதங்களில் திரைக்கு முன்னால்

ஒரு இரவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். 2.10க்கு ஒரு கிளையின் ரவுட்டர் சிவப்பாகிறது. புதியவர் உடனே தொலைத்தொடர்புக் கம்பனிக்கு அழைத்து லைன் போய்விட்டது என்று முறைப்பாடு போடுவார். கொஞ்சம் பொறுத்து மேலே உருட்டிப் பாருங்கள். 1.38க்கு அதே கிளையின் யூ.பி.எஸ். "பற்றரியில் ஓடுகிறேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறது. அப்படியென்றால் லைன் போகவில்லை, கரண்ட் போய் அரை மணித்தியாலத்தில் பற்றரி தீர்ந்திருக்கிறது. அழைக்க வேண்டியது கிளையின் காவலாளியை. டிக்கெட்டில் இப்படி எழுதுங்கள்: "1.38 யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறியது. 2.10 ரவுட்டர் தொடர்பு இல்லை. 2.14 காவலாளி: பகுதி முழுவதும் மின்தடை, ஜெனரேட்டர் தொடங்கவில்லை. 2.17 கிளைப் பொறுப்பாளருக்கு அறிவித்தேன்." அனுமானம் ஒன்றும் இல்லை, பார்த்ததும் கேட்டதும் மட்டும். காலையில் வருபவர் உங்களை எழுப்பாமலே வேலையைத் தொடரலாம்.

நேரம் என்றதும் இன்னொரு பொறி. சில ஃபயர்வோல்கள் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் லொக் எழுதும், சேர்வர்கள் இலங்கை நேரத்தில் எழுதும். ஃபயர்வோலில் 15.10க்கு நடந்தது நமக்கு இரவு 8.40. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயரை அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

அணுகல் பக்கத்தில் அடிக்கடி வரும் தலையிடி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் திரும்பத் திரும்ப முடங்கும் கணக்கு. முடக்கத்தை எடுத்துவிட்டு டிக்கெட்டை மூடினால் அரை மணித்தியாலத்தில் அவர் மறுபடியும் அழைப்பார். 4740 பதிவைத் திறந்து, எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் கைத்தொலைபேசி மின்னஞ்சல், மூடாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டொப், எப்போதோ போட்ட தானியங்கிப் பணி, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. மூன்றும் இல்லை, கணினிப் பெயரும் பழக்கமில்லாதது என்றால் மட்டும் கையை எடுத்துவிட்டு மேலே அறிவியுங்கள்.

புதியவரையும் விலகுபவரையும் எல்லோரும் கவனிப்பார்கள். ஆபத்து பிரிவு மாறுபவரிடம்தான். கொடுப்பனவைப் பதிவு செய்யும் பிரிவில் இருந்தவர் பதவி உயர்ந்து அங்கீகரிக்கும் இடத்துக்குப் போகிறார். புது உரிமை கொடுக்கப்படுகிறது, பழையது அப்படியே இருக்கிறது. இப்போது தானே பதிவு செய்து தானே அங்கீகரிக்கலாம். மாற்றல் டிக்கெட் வந்தால் "சேர்" என்பதோடு "எடு" என்பதும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்கிய பிறகே தொடுங்கள். உரிமை கொடுக்கும்படி வாய்ச்சொல்லாக வந்த எதையும் செய்யாதீர்கள், சொல்பவர் உங்கள் சொந்த மேலதிகாரியாக இருந்தாலும் ஒரு வரி மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்.

10. விலகும்போது

ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து இன்னொரு இடத்துக்குப் போவீர்கள். கடிதம் கொடுத்த அன்றே உங்கள் எட்மின் உரிமையைப் பிடுங்கினால் கோபப்படாதீர்கள், மற்றவர்களுக்கு நீங்கள் செய்ததுதான் அதுவும். கடைசி நாளில் மடிக்கணினி, வாயில் கார்ட், டோக்கன் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் எல்லாக் கணக்குகளும் எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு மூடப்பட்டன என்று மனிதவளப் பிரிவிடமிருந்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது அந்தப் பெயரில் யாராவது உள்ளே போனால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். சேவைச் சான்றிதழையும் ஈ.பி.எஃப். இலக்கத்தையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஊருக்கு வந்த பிறகு இதற்காகக் கொழும்புக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டி வரும்.